கார் ஷெட்டுல ஒரு ரூம்பு

உக்காருங்க அம்மிணி, இந்தப் பக்கம் உக்காருங்க. அந்த பெஞ்சு ஆடும். ஆபீசர் ரவுண்ட்ஸ் போயிருக்காராம். வருவாருங்க, மூணு மணிக்கு மேல வருவாரு. இல்லீன்னா வர மாட்டாரு. நான் இந்த டவுன் பிளானிங் செக்சனுக்கு ஒண்ணரை வருசமா வந்துட்டிருக்கேன், எனக்குத் தெரியாததுங்களா.

உங்களுது என்ன, மாடில ஷீட்டு போடறதுக்கா? செரி செரி. பைலைக் கையிலயே வெச்சுக்கங்க. மேசை மேல வெச்சா எங்காவது போயிரும். எனக்கு ஒருக்கா போயிருச்சு.

என்னுது கார் ஷெட்டுங்க. கேட்டா சிரிப்பீங்க. எங்கூட்டுக் கார் ஷெட்டை ரூம்பாக்குனேன். என்னோட எடம், என்னோட செவுரு. அதுக்கு ஒண்ணரை வருசமா அலையறேன்.

என் பேரு ஆறுச்சாமிங்க. ஸ்பின்னிங் மில்லுல ஸ்டோர் கீப்பரா முப்பத்தோரு வருசம் இருந்தேன். ஒரு போல்ட்டு வெளிய போகோணும்னாலும் என் கையெழுத்து வேணும். முதலாளி மருமகனே வந்து நின்னாலும் சீட்டு இல்லாம ஒண்ணும் தர மாட்டேன். அது அது அந்தந்த எடத்துல இருக்கோணுமுங்க. அப்படி இருந்தவன் நான். என்னைய வந்து ரூல்ஸ் தெரியாதவன்னு சொன்னா எப்படி இருக்கும்?

பசங்க ரெண்டு பேரு. மூத்தவ சுகந்தாமணி. அடுத்தது தரணிதரன், அவன் மெல்போர்ன்ல இருக்கான். சுகந்தாவைத் தாராபுரத்துப் பக்கம் குடுத்தோம். நல்ல குடும்பம்னுதான் குடுத்தோம். பதினாறு வருசம் இருந்தா. கொழந்தை இல்லை. அதைய வெச்சு அந்த மனுசன் இன்னொருத்தியக் கூட்டிட்டு வந்துட்டான். இவ ஒரு சூட்கேசும் தையல் மிசினும் எடுத்துட்டு, பஸ் ஏறி வந்து எங்கூட்டு வாசல்ல நின்னா. போன வருசத்துக்கு முந்துன வருசம், தை மாசம்.

வான்னு சொன்னேனுங்க. எத்தனை அப்பனுங்க மூஞ்சிய திருப்பிக்கறாங்க? ஒறம்பரை, சொந்தபந்தம் என்ன பேசும், ஊரு என்ன பேசும்னு நான் பாக்கல. வான்னேன். இது உன் வூடுன்னேன்.

ஆனா அவளைப் படுக்க வெக்க எடம் வேணுமல்லங்க? கீழ எங்களுக்கு ஒரு ரூம்பு, ஒரு ஹாலு, அடுப்படி, ஸ்டோர். ஒரு மாசம் ஹால்ல படுத்தா. நாப்பது வயசுப் பொம்பள ஹால்ல படுத்தா நல்லா இருக்குதுங்களா? கேஸ்காரன் வாரான், பால்காரன் வாரான். அவளுக்குன்னு ஒரு கதவு வேணும்னு எனக்குத் தோணுச்சு. அப்பத்தான் கார் ஷெட்டுல கண்ணு பட்டுது. பதினாறுக்குப் பத்து. மாருதி நிக்குது. காரு ரோட்டுல நின்னா மழைல நனையும், அவ்வளவுதான. எம்புள்ளைய விட காரு பெருசில்லைன்னு எடுத்து வெளிய நிறுத்திப்போட்டேன்.

என்னங்க கேட்டீங்க? மேலயா? ஆமாங்க, மேல மாடி இருக்குது. ரெண்டு ரூம்பு, பாத்ரூம்போட. அது தரணியுதுங்க. அவன் கலியாணத்துக்குக் கட்டுனது. மூணு வருசத்துக்கு ஒருக்கா, டிசம்பர்ல, பதினஞ்சு நாளு வருவான். வந்தா அவனுக்கு எடம் வேணுமல்லங்க. அதைய நாம தொடப்படாது. பையன் போர்சன்ல பொண்ணைக் குடி வெச்சா நாளைக்கு மருமக என்ன நெனைப்பா? அது அது அந்தந்த எடத்துல இருக்கோணும். பூட்டித்தான் கெடக்குது. வாரத்துக்கு ஒருக்கா நான் போயிக் கூட்டி விட்டுட்டு வருவேன்.

செரி, ஷெட்டுக்கு வருவோம். கொத்தனாரை வெச்சு முன்னால ஷட்டரைக் கழட்டிட்டு செவுரு வெச்சேன். ஒரு கதவு. கதவுக்கு மேல சின்னதா ஒரு கம்பி ஜன்னல். கீழ டைல்ஸ். கான்கிரீட் தட்டு வெய்யிலுக்குக் காயுதுன்னு தெர்மகோல் சீலிங் அடிச்சேன். பிங்க் பெயிண்டு, அவளுக்குப் பிடிச்ச கலர்தான். சின்னதுல பிடிக்கும். ஒரு கட்டிலு, ஒரு பேனு, மிசினுக்கு ஒரு மூலை. இதைய விட ஒரு அப்பன் என்னங்க பண்ணுவான்?

எங்கூட்டுக்காரிதான், ரங்கநாயகி, மொத நாளே மூக்கால அழுதா. "ஏனுங்க, கதவுக்கு மேல இருக்கற ஓட்டைய விட்டா ஒரு பக்கம் கூட ஜன்னல் இல்லீங்களே. மேல சும்மா கெடக்குதுங்களே"ன்னா. நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். மேல பத்தி இந்த வூட்ல பேச்செடுக்கக் கூடாதுன்னேன். அதுக்கப்பறம் பேசல. அடங்கிட்டா.

சுகந்தா? நல்லா இருக்குதுப்பான்னா.

ஜவுளிக் கடைல பில்லு போடற வேலைக்குப் போனா. காலைல ஒம்பதுக்குப் போனா ராத்திரிதான் வருவா. வந்து சாப்புட்டுட்டு ஷெட்டுக்குப் போயிருவா. சித்திரை வெய்யில்ல கொஞ்சம் காந்துச்சு, இல்லீங்கல. எங்க காந்தல? ஊரெல்லாம் காந்துச்சு. அவளுக்கு அப்பத்தான் இழுப்பு ஆரம்பிச்சுது. மூச்சு விட்டா விசில் அடிக்கற மாதிரி ஒரு சத்தம். டாக்டர் ஊதறதுக்கு ஒரு மருந்து எழுதிக் குடுத்தாரு. ஜவுளிக் கடைத் தூசிங்க, புதுத்துணில வர்ற பஞ்சு. நான் மில்லுல இருந்தவன், பஞ்சைப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா?

அப்பறம் ஆடில ஒரு நா மழை பேஞ்சு ஷெட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு. ரோட்டை விட ஒரு சாணு தாழ்வுங்க. கார் ஏறி எறங்கறதுக்குச் சரிவா வெச்சது. அதுக்கு ஒரு செங்கல் வரிசை கட்டி அணை வெச்சேன். அவ கட்டில் மேல காலைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தா, பாவம்.

பக்கத்தூட்டுக்காரர் மாசிலாமணின்னு, பேங்குல இருந்து ரிட்டையர் ஆனவரு. எனக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அவரு சன்ஷேடு என் பக்கம் ரெண்டு அடி நீட்டிட்டுதுன்னு முந்தி நான் எழுதிக் குடுத்து, இடிக்க வெச்சது வாஸ்தவம். ரூல்ஸ்னா ரூல்ஸ்தானுங்க. அவரு மார்கழில ஒரு நாள் கேட்டைத் தெறந்துட்டு வந்தாரு. "ஆறுச்சாமி, உங்க பொண்ணு இருமற சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேக்குதுங்க. என் பக்கமா ஒரு ஜன்னல் வெச்சுக் குடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்"னாரு.

பாருங்க எப்படி மடக்கறாருன்னு. நான் அவரு பக்கம் ஜன்னல் வெச்சா, அடுத்த நாளே எல்லை மீறிட்டான்னு எழுதிக் குடுத்துருவாரு. நான் அத்தனை முட்டாளுங்களா? வேண்டாமுங்கன்னு அனுப்பிட்டேன்.

அது முடிஞ்சு இருவது நாளு. நோட்டீஸ் வந்துருச்சு. அனுமதி பெற்ற வரைபடத்தில் வாகனம் நிறுத்துமிடம் எனக் காட்டப்பட்டதைக் குடியிருப்பாக மாற்றியதாகப் புகார் வந்துள்ளது, நேரில் ஆய்வு செய்யப்படும்னு.

நேரா மாசிலாமணி வூட்டு வாசல்ல போயி நின்னு, ரோடே வேடிக்கை பாக்கற மாதிரி பேசிப்போட்டேன். அந்த மனுசன் கும்புட்டுட்டு நிக்கறாரு. "சத்தியமா நான் எழுதலீங்க. எம்பேரன் மேல ஆணையா எழுதலீங்க"ங்கறாரு. பேரன் மேல பொய்ச்சத்தியம் பண்றீங்களேன்னு காறித் துப்பிட்டு வந்தேன்.

லைசென்ஸ் சர்வேயர் ஒருத்தரைப் புடிச்சேன். அவருதான் ரோசனை சொன்னாரு. இன்ஸ்பெக்சனுக்கு வரும்போது இது குடியிருக்கற ரூம்பு இல்லை, சாமான் போடற ரூம்புன்னு சொல்லிருங்க, கொஞ்சம் அபராதத்தோட தப்பிச்சுக்கலாம்னாரு. பொறவு மெதுவா வரைபடத்தை மாத்திக்கலாம். எனக்குப் பொய்யி பிடிக்காது. ஆனா எம்புள்ளைக்கு எடம் வேணுமே. அதுக்காக ஒத்துக்கிட்டேன்.

காலைல கட்டிலைக் கழட்டி, செவுத்துல சாத்தி வெச்சேன். மிசின் மேல சாக்கு போட்டு மூடுனேன். நாலு பழைய டயரு, உடைஞ்ச சேரு, தேங்கா மட்டை எல்லாம் கொண்டு வந்து ரொப்புனேன். சுகந்தாவுக்கு அன்னைக்கு வார லீவு. அவகிட்டச் சொன்னேன், "நீ ஹால்ல இரு. கேட்டா ஸ்டோர் ரூம்புன்னு சொல்லு. ஒரே ஒரு வார்த்தைதான் கண்ணு"ன்னேன். செரிப்பான்னா.

வந்தது ஒரு பொம்பளைப் புள்ளைங்க. முப்பது வயசுதான் இருக்கும். சாருலதான்னு பேரு. கையில டேப்பு. உள்ள போயி உசரம் அளந்துச்சு. ஏழே முக்கால் அடி, சீலிங்குக்குக் கீழ ஏழுகூட இல்லை. தரைய அளந்துச்சு. கதவுக்கு மேல இருக்கற கம்பி ஜன்னலை நிமுந்து பாத்துச்சு. அப்பறம் எங்கிட்ட வந்து, வெகு பணிவாத்தான் சொல்லுச்சு. "ஐயா, காருக்கு இது போதுமுங்க. மனுசருக்குப் போதாதுங்க."

"மனுசர் எங்கம்மா இருக்காங்க? இது சாமான் ரூம்பு"ன்னேன்.

அந்தப் புள்ள செவுத்துல மாட்டியிருந்த கண்ணாடியப் பாத்துச்சு. அதைய எடுக்க மறந்துட்டேன். கண்ணாடி ஓரத்துல பொட்டு ஒட்டியிருந்துச்சு. வெளிய வந்து, ஹால் வாசப்படில நின்ன சுகந்தாகிட்டக் கேட்டுச்சு. "அக்கா, நீங்க எங்க தங்கறீங்க?"

ஒரே ஒரு வார்த்தைங்க. ஸ்டோர் ரூம்பு. அவ்வளவுதான். என்னையப் பாத்தா. அவ அம்மாவைப் பாத்தா. அப்பறம், "அங்கதாங்க. பதினோரு மாசமா அங்கதான் தூங்கறேன்"னா.

"காத்து வருதுங்களா?"

"கதவைத் தெறந்து வெச்சா வரும். தெறந்து வெச்சுத் தூங்க முடியாதுங்களே."

"வீட்டுக்குள்ள வேற எடம் இல்லீங்களா?"

அந்தப் புள்ள நிமுந்து மாடியப் பாத்துச்சு. பால்கனில பூட்டுன கதவு தெரியுமல்லங்க, அதையப் பாத்துச்சு. பாத்துட்டு நோட்டுல எழுதுச்சு.

பெத்த அப்பனைக் காட்டிக் குடுத்துட்டா. நான் அவளைத் திட்டலீங்க. ஆனா நெஞ்சு ஆறல. நாலு நாளு அவகூடப் பேசல.

முப்பது நாள் கெடு குடுத்தாங்க. செவுத்தை எடுத்துட்டுப் பழையபடி ஷெட்டா மாத்தோணும். நான் மாத்தல. அப்பீல் போட்டேன். அப்பீல் நிக்கல. ஒரு வெள்ளிக்கெழமை காலைல ஆளுங்க வந்து சாமானெல்லாம் வெளிய எடுத்து வெச்சுட்டு, கதவைப் பூட்டி அரக்கு வெச்சுட்டாங்க. கட்டிலு, பெட்டி, மிசினு, அவ சேலைங்க எல்லாம் போர்ட்டிகோவுல கெடக்குது. ரோட்டுல போறவன் எல்லாம் பாத்துட்டுப் போறான்.

ரங்கநாயகி வந்து, "இப்பவாச்சும் மேல கொண்டு போயி வெச்சர்லாமுங்க"ன்னா. வருசம் முழுக்க பேசாதவ, அன்னைக்குப் பேசுனா. எனக்கும் வேற வழி தெரியல. ஆனா கேக்காம எப்படி வெக்கறது? அவன் எடமாச்சே. தரணிக்குப் போன் போட்டேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கர்லதான் பேசுவேன்.

"தரணி, அக்காவைக் கொஞ்ச நாளைக்கு மேல வெச்சுக்கட்டுமா சாமி? உனக்கு வேண்டாம்னா விட்டுரு"ன்னேன்.

அவன் திருப்பிக் கேட்டான். "அக்கா இன்னும் மேல இல்லியாப்பா? அப்ப இத்தனை நாளா எங்க இருந்துச்சு?"

கார் ஷெட்டுலன்னேன். நல்லா ரூம்பு மாதிரி பண்ணிக் குடுத்தேன்னேன்.

"நான் எப்பப்பா வேண்டாம்னேன்? நீங்க ஒருக்காவாச்சும் எங்கிட்டக் கேட்டீங்களா?"ன்னு கத்தறான். போன்லயே கத்தறான்.

அவன் பெருந்தன்மை அதுங்க. வளர்ப்பு அப்படி. அதுக்காக நாம போயி எடுத்துக்கறதுங்களா? ஆனாலும் செரின்னு சாவிய எடுக்கப் போனேன். சத்தியமாப் போனேனுங்க. சாவிய எடுத்துட்டுத் திரும்பறேன், சுகந்தா போர்ட்டிகோவுல உக்காந்து சூட்கேசுல துணிய மடிச்சு வெச்சுட்டிருக்கா. எல்லாத்தையும் கேட்டிருக்கா.

"அம்மிணி, மேல போயிக்கலாம் வா"ன்னேன்.

"வேண்டாம்ப்பா"ன்னா. கோவமெல்லாம் இல்லை. பஸ்ஸுல எடங் குடுத்தா வேண்டாம்பாங்களே, அந்த மாதிரி. வேலைக்குப் போற பொம்பளைங்க ஹாஸ்டலுக்குப் போயிட்டா. மிசினை அப்பறமா ஆட்டோல வந்து எடுத்துட்டுப் போனா.

இருங்க, ப்யூன் வாரான். ஏப்பா, சார் வந்துட்டாரா? ...இல்லியாம். உக்காருங்க.

இதுக்கெல்லாம் காரணம் அந்த மனு எழுதுனவன்தானுங்க. அவனைச் சும்மா விடக் கூடாதுன்னு, தகவல் உரிமைச் சட்டத்துல மனு நகல் கேட்டேன். பேரை மறைச்சுத்தான் குடுப்போம்னாங்க. பேரு வேண்டாம், எழுத்தைப் பாத்தாப் போதும், பேங்குக்காரன் எழுத்து எனக்குத் தெரியும்னு வாங்கியாந்தேன். வூட்டுல உக்காந்து பிரிச்சேன்.

ரங்கநாயகி எழுத்துங்க.

நாப்பத்தி மூணு வருசமா பாக்கற எழுத்து. "காற்று இல்லாத இடத்தில் ஒரு பெண்ணைக் குடி வைத்துள்ளார்கள். அவளுக்கு மூச்சுத் திணறுகிறது. அதிகாரிகள் வந்து பார்த்து, அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லவும்." அவ்வளவுதான் எழுதியிருந்தா. பேப்பரைக் கையில வெச்சுட்டு அடுப்படிக்குப் போனேன். அவ வெங்காயம் உரிச்சுட்டிருந்தா. என் கையில இருந்த பேப்பரைப் பாத்தா, அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

"ஆமாங்க, நாந்தான் எழுதிப் போட்டேன். நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. கவர்மெண்ட் சொன்னாக் கேப்பீங்க. அங்க இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா மேல விட்டுத்தான ஆகோணும்னு நெனைச்சேன். இப்படி அவ வூட்டை விட்டே போயிருவான்னு நெனைக்கலீங்க"ன்னுட்டு, வெங்காயத்தைக் கீழ போட்டுட்டு அழுதா பாருங்க, நான் அவ அம்மா செத்தப்பக்கூட அப்படி அழுது பாக்கல.

கட்டுனவளே கம்ப்ளைண்டு எழுதுனா ஒருத்தன் எங்க போயி நிக்கறது? மாசிலாமணிகிட்டப் போயி மன்னிப்புக் கேளுங்கன்னா. அதெப்படிங்க கேக்கறது? அந்த சன்ஷேடு அன்னைக்கு நீட்டிட்டுத்தான இருந்துச்சு?

அப்பறம் சுகந்தா ஹாஸ்டலை விட்டுட்டு கடைக்குப் பக்கத்துலயே ஒரு லைன் வூட்ல வாடகைக்குப் போயிட்டா. அவ அம்மா ரெண்டு நாளு இருந்துட்டு வாரேன்னு போனா. பையில ரெண்டே சேலைதான் எடுத்துட்டுப் போனா, நான் பாத்தேன். அது ஆச்சு நாலு மாசம்.

நான் போனேனுங்க, போவாம இருப்பேனா? போன மாசம் போனேன். ஒரே ரூம்பு. பத்துக்குப் பத்துகூட இருக்காது. என்னோட ஷெட்டு அதைய விடப் பெருசு. ரெண்டு பக்கம் ஜன்னல் இருக்குது, அவ்வளவுதான். ஜன்னலுக்குக் கீழ மிசினைப் போட்டிருக்கா. ரங்கநாயகி பக்கத்துல உக்காந்து ஹூக்கு தெச்சுட்டிருக்கா. காப்பி குடுத்தாங்க. ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசுனாங்க. அந்த இழுப்புச் சத்தம் இல்லை. மருந்து வேலை செஞ்சிருச்சாட்ட இருக்குது.

நான் புதுப் பிளானைக் காட்டுனேன். இந்த தடவை முறையாப் பண்றேன், தட்டை இடிச்சு உசத்தறேன், தரைய மேடாக்கறேன், ஜன்னல் வெக்கறேன்னேன். பக்கத்து எல்லைக்கு எடம் விடோணும், அதுக்கு மட்டும் விதிவிலக்குக் கேட்டிருக்கேன்னேன். சுகந்தா அந்தப் பேப்பரை முழுசாப் படிச்சா. மடிச்சு எங்கையில குடுத்தா. "அப்பா, நீங்க ஆபீசுக்கு அலையறதை நிறுத்திருங்க. அனுமதி கெடைச்சாலும் நான் அங்க வர மாட்டேன்"னா.

மேலயாச்சும் வாயேன்னு கேட்டேன். அதுக்குத் தலையத்தான் ஆட்டுனா. ரங்கநாயகி ஊசில நூலு கோத்துட்டிருந்தா, நிமுந்தே பாக்கல.

கோவத்துல சொல்றாங்க. அது தணிஞ்சுருமுங்க. ரூம்பு ஒண்ணு முறையா, அரசாங்க முத்திரையோட கையில வந்துட்டா, அப்பறம் யாரு என்ன சொல்ல முடியும்? தரணியும் இப்பெல்லாம் போன் பண்ணா, அம்மாகிட்டப் பேசிக்கறேன்னு வெச்சர்றான். இந்த டிசம்பர் வரலியாம்.

என்னப்பா? ...சார் இன்னைக்கு வர மாட்டாரா? செரி. கேட்டீங்களா அம்மிணி, வர மாட்டாராம். நீங்க கெளம்புங்க, பஸ்ஸு இருக்கும். எனக்கு அவசரம் இல்லை. வூட்டுக்குப் போயி சீக்கிரமா என்ன பண்றது?

ஒரு நிமிசம், உங்க கண்ணு நல்லாத் தெரியுமல்ல? இந்தப் பாரத்தைக் கொஞ்சம் பாருங்க. எல்லாம் நெரப்பிட்டேன், சர்வே நெம்பரு, நீளம் அகலம், எல்லாம். இங்க, இந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்குது, படிங்க. ...ஆமாங்க. "தற்சமயம் வீட்டில் குடியிருப்போர் எண்ணிக்கை." நானும் அப்படித்தான் படிச்சேன்.

அதைய மட்டும் எழுதலீங்க. இருக்கட்டும். நாளைக்கு வந்து எழுதிக்கறேன்.